முழுச் சத்தத்தில்

முத்துமீனாவுக்கு இடது காது பத்து வயதில் வந்த காய்ச்சலோடு போய்விட்டது. வலது காதில் பாதிதான் கேட்கும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இருபத்திரண்டு வருடமாகக் கடை வைத்திருந்தாள். அங்கே எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள் என்பதால் அவளுடைய குறை யாருக்கும் பெரிதாகத் தெரிந்ததில்லை. மகள் அஸ்வினி காதில் மாட்டும் மிஷின் ஒன்று வாங்கிக்கொடுத்தாள். மார்க்கெட் இரைச்சலில் அது விசில் அடித்துக்கொண்டே இருந்ததால் ஒரு வாரத்தில் பீரோவுக்குள் போய்விட்டது.

போனில் பேசுவதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ஸ்பீக்கரைப் போட்டு, சத்தத்தை முழுசாகக் கூட்டி, வலது காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்வாள். அதுவும் போதவில்லை என்று சொன்னதால், மருமகன் சத்தத்தை இன்னும் கூட்டித் தருகிற ஆப் ஒன்றை அதில் ஏற்றிக் கொடுத்தான். ஆர்டர் சொல்கிறவர்கள் பிறகு மாற்றிப் பேசக்கூடாது என்று எல்லா அழைப்பும் தானாகவே பதிவாகிற மாதிரியும் செய்துவைத்தான். பதிவைத் திறந்து கேட்க அவளுக்குத் தெரியாது. கேட்கத் தேவையும் வந்ததில்லை.

நாளாக ஆகப் போனில் வருகிற குரலெல்லாம் கரகரவென்று உடைந்து கேட்க ஆரம்பித்தது. எப்போதும் பேசுகிறவர்கள் எப்போதும் சொல்வதைத்தான் சொன்னார்கள், அதனால் சமாளித்துக்கொண்டாள். தன் காதுதான் இன்னும் மோசமாகிவிட்டது என்று நினைத்து, அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தம்பி காசிமாயன் போன் செய்ய ஆரம்பித்தான்.

காசிமாயனுக்கு அவளைவிட மூன்று வயது குறைவு. அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டினான். ஸ்டாண்டில் நின்று அவன் ஊர்ப் பேரைக் கூப்பிட்டால் அடுத்த தெரு வரை கேட்கும். நல்ல உழைப்பாளிதான், ஆனால் குடி அவனை விடவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அஸ்வினி கல்யாணத்தில் தாய்மாமன் சீர் கொண்டுவரும்போதே அவனுக்குக் கால் நிற்கவில்லை. மேடையில் தட்டோடு விழுந்தான். தூக்கிவிட வந்த மாப்பிள்ளையின் அப்பாவைக் குழறலோடு வாய்க்கு வந்தபடி திட்டி, சட்டையைப் பிடித்து இழுத்தான். முத்துமீனா எல்லார் முன்னாலும் அவனை வாசல் வரை தள்ளிக்கொண்டு போய், தன் சாவுக்குக்கூட வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

இப்போது திடீரென்று அழைத்தான். பூக்கூடைகளுக்கு நடுவில் நின்று போனை எடுத்தவளுக்கு வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. குரல் குழறியது, இழுத்தது, கரகரத்தது. கல்யாண மேடையில் கேட்ட அதே குழறல் என்று நினைத்தாள். திட்டிவிட்டு வைத்தாள். நாலு நாள் கழித்து மறுபடியும் அழைத்தான். அப்போதும் அப்படியே. மூன்றாவது முறையும் வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் அவன் மனைவி பாண்டீஸ்வரி தன் நம்பரிலிருந்து கூப்பிட்டாள். புருஷனுக்குப் பரிந்துகொண்டு வருகிறாள் என்று எண்ணி, அவள் பேசி முடிக்குமுன்னே துண்டித்தாள். அடுத்த கடைக்காரரிடம் போனைக் கொடுத்து இரண்டு நம்பரையும் வராதபடி செய்யச் சொன்னாள்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை கொட்டாம்பட்டியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்காரர் மலைச்சாமி போனில் சம்பங்கி மாலை என்று சொன்னது அவள் காதில் செவ்வந்தி மாலை என்று விழுந்திருந்தது. மண்டபத்தில் கூடையைத் திறந்து பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். புதன்கிழமை மலைச்சாமியே கடைக்கு வந்தார். சண்டை போடவில்லை. நிதானமான மனிதர். தான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னதாகவும், ஒருவேளை போனில்தான் ஏதாவது கோளாறு இருக்கலாம் என்றும், அதைக் கடையில் காட்டிப் பார்க்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய குரலும் அன்றைக்குப் போனில் குழறலாகத்தான் கேட்டது என்பது முத்துமீனாவுக்கு ஞாபகம் வந்தது. அவர் வெற்றிலைகூடப் போடாத ஆள்.

வியாபாரம் முடிந்ததும், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்வரிசையில் தமிழ்ச்செல்வி வைத்திருந்த செல்போன் சர்வீஸ் கடைக்குப் போனாள். தமிழ்ச்செல்வி ஒரு பாட்டை ஓடவிட்டு, முதலில் சத்தத்தைப் பாதியில் வைத்தாள். தெளிவாக வந்தது. முழுசாகக் கூட்டினாள். தகரத்தில் மணல் கொட்டியது மாதிரி உடைந்தது. போனைக் கழற்றி, நகத்தளவு இருந்த ஸ்பீக்கரை இடுக்கியில் எடுத்துக் காட்டினாள். உள்ளே இருந்த மெல்லிய சவ்வு ஓரத்தில் கிழிந்திருந்தது.

பூவில் தெளிக்கிற தண்ணீரும் தூசியும் உள்ளே போயிருக்கிறது, போதாததற்கு போன் தாங்குகிற அளவுக்கு மேல் அந்த ஆப் அதைக் கத்த வைத்திருக்கிறது என்றாள். குறைந்த சத்தத்தில் சவ்வு சும்மா இருக்கும், கூட்டினால் அடித்துக்கொள்ளும். வேறு ஸ்பீக்கர் போட அரை மணி நேரம் ஆகும் என்றாள்.

முத்துமீனாவுக்கு மனசு லேசானது. தன் காது அப்படியேதான் இருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

புது ஸ்பீக்கரைப் பொருத்தி முடித்ததும், பாட்டு சரியாக வருகிறது, பேச்சுக்குரல் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும், பதிவான அழைப்பு ஒன்றை ஓடவிடட்டுமா என்று தமிழ்ச்செல்வி கேட்டாள். முத்துமீனா தலையாட்டினாள். தமிழ்ச்செல்வி பட்டியலைத் தள்ளி, தம்பி என்று பேர் போட்டிருந்த ஒன்றைத் தொட்டாள்.

காசிமாயனின் குரல் வந்தது. கம்மிப்போயிருந்தது, காற்று கலந்திருந்தது. ஆனால் ஒரு வார்த்தைகூடக் குழறவில்லை.

"யக்கா, வச்சிராத. அடுத்த வாரம் வியாழக்கெழம ஆபரேஷன். குரல்வளைய எடுத்துருவாங்களாம். அதுக்கப்புறம் எனக்குப் பேச்சே வராது. அதுக்கு முன்னாடி உங்கிட்ட ரெண்டு வார்த்த பேசணும்க்கா."

உடனே அவளுடைய குரல். "நீ பேசுனது போதும். குடிச்சிட்டு எனக்குப் போன் போடாத."

அதோடு பதிவு முடிந்தது. முத்துமீனா கையை நீட்டி, மற்றதையும் போடும்படி சைகை காட்டினாள்.

முதல் அழைப்பில் அவன் சுகம் விசாரித்திருந்தான். தொண்டை கட்டியிருக்கிறது, குடித்ததால் இல்லை என்று சொல்லியிருந்தான். இரண்டாவதில், ஆஸ்பத்திரியிலிருந்து வருவதாகவும், தொண்டையில் கட்டி என்று டாக்டர் சொன்னதாகவும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குறுக்கே பேசியிருந்தாள். "தொண்ட வரைக்கும் ஊத்துனா கட்டாம என்ன செய்யும்" என்று தன் குரல் கேட்டது. அப்படியானால் தொண்டை என்கிற வார்த்தை அன்றைக்கே அவள் காதில் விழுந்திருக்கிறது. அதற்கு மேல் கேட்க அவள்தான் நிற்கவில்லை.

தமிழ்ச்செல்வி மெதுவாகச் சொன்னாள். "யக்கா, இந்தக் கடேசி போன் போன வாரம் செவ்வாக்கெழம வந்துருக்கு. அப்ப ஆபரேஷன் நாளைக்குத்தான்."

தடுத்து வைத்திருந்த நம்பர்களை அவளே விடுவித்து, பாண்டீஸ்வரிக்குப் போட்டுக் கொடுத்தாள். நீண்ட நேரம் மணி அடித்தது. பிறகுதான் எடுத்தாள். எந்த ஆஸ்பத்திரி என்று முத்துமீனா கேட்டாள். ஆஸ்பத்திரி பேரையும் மாடியையும் வார்டையும் மட்டும் சொல்லிவிட்டுப் பாண்டீஸ்வரி வைத்துவிட்டாள்.

ஆட்டோ பிடித்துப் போனாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தாள். போன் ரிப்பேர் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் அந்த உண்மையைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

வார்டு வாசலில் பாண்டீஸ்வரி நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். முத்துமீனா அவள் கையைப் பிடிக்கப் போனபோது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு தடவ நீங்க வச்சப்பவும் அந்த மனுசன் போனப் பாத்துக்கிட்டே உக்காந்துருந்தாரு மதினி. உள்ள போங்க. ஆறு மணிக்கு வெளிய அனுப்பிருவாக."

சுவர்க் கடிகாரத்தில் நாலு ஆகியிருந்தது.

காசிமாயன் கட்டிலில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். தோள் எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. அக்காவைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்துக் கட்டில்காரருக்குச் சாப்பாடு வந்தது, அவர் சாப்பிட்டு முடித்தார், தட்டைக் கழுவிக்கொண்டு வந்தார்.

கடைசியில் முத்துமீனா எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்பீக்கர் கிழிந்தது, செவ்வந்தி மாலை, பதிவுகள், எதையும் விடவில்லை. பிறகு சொன்னாள். "போன் பாதிதாண்டா கெட்டுப்போயிருந்துச்சு. மிச்சம் நாந்தேன். நீ குடிச்சிருப்பன்னு முடிவு பண்ணிட்டுத்தேன் போனையே எடுத்தேன்."

அவன் திரும்பினான். வாயைத் திறந்து ஏதோ சொன்னான். அவளுக்கு எட்டவில்லை. வலது காதை அவன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவன் மூச்சு அவள் கன்னத்தில் பட்டது.

"யக்கா, நான் குடிச்சுப் பதினாலு மாசம் ஆச்சு."

இதைத்தான் சொல்ல நினைத்தானாம். ஒரு வருடம் முழுசாக ஆகட்டும், அதன் பிறகு நேரில் போய்ச் சொல்லலாம் என்று இருந்திருக்கிறான். வருடம் முடிகிற சமயத்தில் குரல் கம்ம ஆரம்பித்தது. இந்தக் குரலோடு போனால் நம்ப மாட்டாள் என்று, சரியாகட்டும் சரியாகட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறான். பாண்டீஸ்வரியை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கலாம். ஆனால் மேடையில் அசிங்கப்படுத்தியது தன் வாய்தான், மன்னிப்பும் அதுதான் கேட்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்திருக்கிறான்.

அவன் கேட்டான். அவள் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு அவளும் கேட்டாள்.

அதன் பிறகு அவர்கள் பேசியதெல்லாம் சாதாரணப் பேச்சுதான். ஆட்டோவுக்கு எப்.சி. சர்டிபிகேட் முடியப்போவதைச் சொன்னான். ஆஸ்பத்திரி இட்லியைப் பற்றிக் குறைப்பட்டான். மல்லிகை இந்த வருடம் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று கேட்டான். நடுநடுவே நிறுத்தித் தண்ணீர் குடித்தான். பேசாமல் இருக்கச் சொல்லலாமா என்று பாண்டீஸ்வரி முத்துமீனாவைப் பார்த்தாள். இருவருமே சொல்லவில்லை.

ஐந்தரைக்கு அஸ்வினிக்கு வீடியோ கால் போட்டார்கள். அவள் எட்டு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைக் காட்டினாள். மாமன் பேசுறேன் என்று காசிமாயன் ஆரம்பித்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவன் குழந்தையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். இரண்டாவது முறை கூப்பிட்டபோது குழந்தை அவனை உற்றுப் பார்த்தது. மூன்றாவது முறையும் கூப்பிட்டான்.

ஆறு மணிக்கு வார்டுக்காரர் வந்து நின்றார். முத்துமீனா எழுந்தாள். "போயிட்டு வாக்கா" என்றான் காசிமாயன். அவ்வளவுதான் சொன்னான்.

மறுநாள் ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. கட்டியை முழுசாக எடுத்துவிட்டதாக டாக்டர் சொன்னார். கழுத்தின் அடியில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் இனி மூச்சு. நினைவு தெளிந்து அவன் வாயை அசைத்தபோது வெறும் காற்றுதான் வந்தது. அதற்குத் தயாராகத்தான் இருந்தான். இருந்தாலும் அந்த முதல் தடவை அவன் கண் கலங்கியதைப் பாண்டீஸ்வரி பார்த்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துமீனா அவனியாபுரத்துக்குப் போயிருந்தாள். பாண்டீஸ்வரி இப்போது அவளோடு பேசினாள், ஆனால் பழைய மாதிரி இல்லை. காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, அவருடைய குரல் தங்கள் போன் எதிலும் இல்லை என்றாள். கல்யாண வீடியோவில்கூட மேளச் சத்தம்தான் கேட்கிறது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பேசியதையும் யாரும் பதிவு பண்ணி வைக்கத் தோன்றாமல் போய்விட்டது.

முத்துமீனா தயங்கினாள். தன்னிடம் மூன்று பதிவு இருப்பதாகச் சொன்னாள். தமிழ்ச்செல்வியிடம் கொடுத்து, தான் பேசியதை வெட்டிவிட்டு, தம்பி பேசியதை மட்டும் வாங்கித் தருவதாகவும் சொன்னாள். பாண்டீஸ்வரி முதலில் கேட்க வேண்டும் என்றாள்.

மூன்றையும் போட்டார்கள். காசிமாயன் கட்டிலில் சாய்ந்தபடி தன் குரலைக் கேட்டான். அக்கா குறுக்கே பேசுகிற இடம் வந்தபோது முத்துமீனா தலையைக் குனிந்துகொண்டாள். முடிந்ததும் அவன் பக்கத்தில் இருந்த நோட்டை எடுத்து எழுதி, மனைவியிடம் காட்டாமல் அக்காவிடம் நீட்டினான்.

எதையும் வெட்ட வேண்டாம், இருந்தது இருந்தபடியே இருக்கட்டும் என்று எழுதியிருந்தான். கீழே இன்னொரு வரி இருந்தது. "உன் குரலும் இருக்கட்டும். நாம ரெண்டு பேரும் பேசுனதுன்னு வேற எதுவும் இல்லையே."

அவள் அதை இரண்டு முறை படித்தாள். நோட்டை மடித்து அவன் கையில் கொடுத்தாள். பிறகு போனைப் பாண்டீஸ்வரியிடம் நீட்டி, மூன்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.