எப்படிப்பட்ட பிள்ளை

தனசேகரனும் அவன் மனைவி அலமுவும் சென்னையிலிருந்து காஞ்சிபுரம் திரும்பும் பஸ்ஸில் இருந்தார்கள். பிள்ளை பிறக்காததற்குக் காரணம் அவன்தான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மருத்துவம் படிக்கும் பையன் ஒருவனின் விந்தை வாங்கி அலமுவுக்குச் செலுத்தலாம், யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் அப்படியொன்று நடக்கும் என்பதே அவர்களுக்குப் புதிது. செவ்வாய்க்கிழமை முடிவோடு வரவேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் அவன் வாய் திறந்தான்.

"நல்ல ஒசரமா கேக்கலாம் அலமு. கண்ணு நல்லா இருக்கணும், என்னாட்டம் சோடாபுட்டி வேணாம். கணக்கு வரணும். கலரும் கேட்டுப் பாக்கலாம்."

"என் மூக்காவது இருக்கட்டுமா, அதையும் மாத்திடலாமா?"

"தமாஷ் பண்ணாதமே."

தனசேகரன் குள்ளம். தறிக்குழியில் மிதி காலுக்கு எட்டாமல் கட்டை வைத்துக் கட்டி நெய்கிறவன். அதைச் சொல்லி அவன் அப்பாவே தெருவில் சிரித்ததை அவள் கேட்டிருக்கிறாள். அவன் கேட்கிற எதிலும் அவன் இல்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை, வலித்தது.

பிள்ளையார்பாளையத்தில் வீட்டைத் திறந்து உட்கார்ந்த பிறகு கேட்டாள்.

"ஆர்டர் சேலையில கடக்காரங்க குடுத்த சாம்பிள் கலரு வரலன்னா இன்னா பண்ணுவாங்க?"

"திருப்பிடுவாங்க."

சொன்ன பிறகுதான் அவனுக்குப் புரிந்தது.

"ஒசரமா வளந்து, கண்ணும் நல்லா இருந்து, கணக்கு வேணாம், நான் பொய்க்கால் குதிரை ஆடப் போறேன்னு நின்னுதுன்னா? எங்க திருப்புறது? நீ ஒருத்தன கேட்டுக்கினு இருப்ப, அது வேற ஒருத்தனா நிக்கும். பாவம்யா."

"நல்லா இருக்கட்டும்னுதான சொல்றேன்."

"எனக்கும் கொழந்த வேணும். ராவும் பகலும் அதே நெனப்புதான். ஆனா இப்படிக் கேட்டு வாங்குறதுன்னா நான் வரல."

அடுத்து வந்த நாட்களில் அவன் தறியில் இறங்கி, ஊடை ஓட்டும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். அவள் காபி வைத்துவிட்டுப் போவாள். அது ஆறிப்போகும்.

செவ்வாய்க்கிழமை காலையில் சட்டை மாட்டிக்கொண்டு, "கெளம்பு" என்றான். அவ்வளவுதான். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று தெரியாமலேயே அவள் கூடப் போனாள். அவன் கேட்கத் தொடங்கினால் எழுந்துவிடுவது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டாள்.

"உயரமான பையனா பார்க்கட்டுமா?" என்று டாக்டரம்மாவே ஆரம்பித்தார். "எப்படிப்பட்ட பிள்ளை வேணும்னு சொல்லுங்க."

தனசேகரன் மேசையையே பார்த்தான். ஆசை இன்னும் முகத்தில் இருந்தது. அலமு முந்தானையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள்.

"சீக்கு இல்லாத ஆளா மட்டும் பாருங்கம்மா," என்றான் கடைசியில். "அவரு யாரு, எப்படி இருப்பாருன்னு எங்கிட்ட சொல்லிடாதீங்க. அப்புறம் நான் புள்ளையில அதையே தேடிக்கினு இருப்பேன்."

டாக்டரம்மா தலையாட்டினார். நர்ஸ் பரிசோதனைக்காக உள்ளறைக் கதவைத் திறந்து பிடித்தாள். அலமு எழுந்து உள்ளே போனாள்.