நெட் பனியன் கூண்டு

பத்ருன்னிசாவின் கோழிக்கூண்டைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. நெருப்பெரிச்சல் என்கிற ஊரில், வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் அவளுக்கும் எனக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவள் புருஷன் உமர் நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டர். புது மெஷின் வந்திறங்கிய மரப்பெட்டியை முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்து, முழங்கால் உயரத்துக்குக் கால் வைத்து, முன்பக்கம் கம்பிவலை அடித்து, மேலே தகரம் போட்டு, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்து கொடுத்துவிட்டான். தாழ்ப்பாள் வேறு.

என் புருஷன் பெருமாள்சாமியிடம் கேட்டதற்கு, "கோழி வளக்கவா கோவில்பட்டியில இருந்து வந்தோம்?" என்றார். கூடையைக் கவிழ்த்துக் கல்லை வைத்தேன். கீரி அடியில் பறித்து என் மூன்று கோழிகளையும் ஒவ்வொன்றாய்க் கொண்டுபோயிற்று. ஒவ்வொரு தடவையும் பத்ரு ஓடிவந்து, "உங்க கோழியவும் எங்க கூண்டுலயே உட்டுருங்க அக்கா" என்பாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நானும் ஒரு கூண்டு செய்தேன். பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. நாள் முழுக்கத் துணியை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து ஓட்டை தேடுகிறவளுக்கு எந்தத் துணி தாங்கும் என்று தெரியாதா? வேஸ்ட்டில் கிடந்த நெட் பனியன் துணியைக் கொண்டுவந்து, கம்பிவலைக்குப் பதிலாக இரண்டு மடிப்பாய்ச் சட்டத்தில் இழுத்து அடித்தேன். கையால் இழுத்துப் பார்த்தேன், கிழியவில்லை. அவளுடைய துருப்பிடித்த வலையைவிட எவ்வளவோ லட்சணம். ஆனால் உள்ளே விடத்தான் கோழி இல்லை. காலிக் கூண்டை யார் பாராட்டுவார்கள்?

ஒரு சனிக்கிழமை அவர்கள் இருவரும் அவிநாசியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள். "பொழுதோட தாழ்ப்பாள மட்டும் போட்டுருங்க அக்கா, காலையில வந்துருவோமுங்க" என்றாள் பத்ரு. அவளிடம் ஒரு தாய்க்கோழியும் ஒன்பது குஞ்சுகளும் இருந்தன.

நான் தாழ்ப்பாள் போடவில்லை. கோழியையும் குஞ்சுகளையும் பிடித்து என் கூண்டில் விட்டேன். காலையில் வந்து பார்க்கட்டும். "உங்க கூண்டும் நல்லாயிருக்குதுங்க அக்கா" என்று உமர் வாயால் ஒரு வார்த்தை வரட்டும். அதைப் பெருமாள்சாமி கேட்கட்டும். அவ்வளவுதான் என் ஆசை.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். துணியில் கீரி ஒரு நூலைத்தான் கடித்திருக்கும். அதிலிருந்து இழை இழையாக ஓடிக் கை நுழைகிற அளவுக்குத் திறந்து கிடந்தது. பின்னல் துணியில் ஒரு கண் விட்டால் வரிசையே ஓடும் என்பது செக்கிங்கில் முதல் நாள் சொல்லித்தருகிற பாடம். தாய்க்கோழி கழுத்து கடிபட்டுச் செத்துக் கிடந்தது. ஒன்பதில் மிச்சம் நாலு குஞ்சுகள் மூலையில் ஒண்டியிருந்தன.

அழுதேன். அழுதுகொண்டேதான் அடுத்ததையும் செய்தேன். செத்த கோழியையும் குஞ்சுகளையும் மரப்பெட்டிக்கே கொண்டுபோய், உமர் அடித்த ஆணிகளில் இரண்டைப் பிடுங்கி வலையை வளைத்துவிட்டேன். என் கூண்டில் கிழிந்ததைக் கழற்றிவிட்டு வேறு துணி அடித்தேன்.

பத்து மணிக்கு வந்தார்கள். பத்ரு கோழியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "நாலு ஆணி ஒழுங்கா அடிக்கத் தெரியலீங்க உங்களுக்கு. ஊரு மெஷினெல்லாம் ரிப்பேர் பண்றீங்களாக்கும்!"

"நல்லாத்தான அடிச்சேன்" என்று உமர் ஆணி இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர் வேலை இருக்கிறதென்று கம்பெனிக்குப் போய்விட்டான். அவர்கள் சண்டை போட்டு அன்றுதான் கேட்டேன். பொய் சொல்வானேன், இனித்தது.

மத்தியானம் பத்ரு நாலு குஞ்சுகளையும் முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்தாள். "அக்கா, உங்க கூண்டே பரவால்லீங்க. இதுகள உங்ககிட்டயே உட்டுடறனுங்க. வாரத்துக்கு வளத்துங்க, பெருசானா பாதி உங்களுக்கு."

இந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை மாதம் காத்திருந்தேன். முந்தானைக்குள் குஞ்சுகள் கத்தின. சரி என்று வாங்கினால் மறுநாள் விடிவதற்குள் இவையும் போய்விடும்.

"வேணாம் பத்ரு. அது என் கூண்டுலதான் செத்துச்சு. நாந்தான் கொண்டாந்து விட்டேன். ஆணியைப் பிடுங்குனதும் நாந்தான்."

என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். அவள் கண் கலங்கியது. "காலையில அவரை அந்தப் பேச்சுப் பேசிட்டேனுங்களே அக்கா... டீகூடக் குடிக்காமப் போயிட்டாருங்க" என்றாள். குஞ்சுகளை மரப்பெட்டியில் விட்டு, வளைந்த வலைக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, கேரியரில் சோற்றைப் போட்டுக்கொண்டு கம்பெனியைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

என்மேல் கோபப்படக்கூட அவளுக்கு நேரமில்லை. உள்ளே பெருமாள்சாமி படுத்துக்கொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவர் சாப்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை, நான் ஏன் அழுதேன் என்று அவரும் கேட்கவில்லை. வெட்கத்தில் தலை குனிந்திருக்க வேண்டியவள், கேரியரோடு தெருமுனை திரும்புகிற அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதும் எனக்கு அவள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.