சிங்கத்துக்கு ஆள் இல்லை

1.

இந்தக் கதை எனக்கு ஒரு பஸ் ஜன்னலில் கிடைத்தது. இலங்கை மலைநாட்டில், ஹல்துமுல்லைக்குப் பக்கத்தில், சாலைக்குக் கீழே ஒரு பள்ளிக்கூட மைதானம். பிள்ளைகள் தலைக்கு மேல் கலர் அட்டை பிடித்து நின்றார்கள். அடுத்த வளைவில் மலை மறைத்துவிட்டது. மிச்சத்தை வீட்டில் பேசாமல் உட்கார்ந்து நானே கட்டிக்கொண்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தேசப்பற்று என்பது உள்ளத்தில் ஊறும்..."

வேண்டாம். எழுதிய எனக்கே கொட்டாவி வந்தது.

2.

தயாபரன் சேர் குடியியல் படிப்பிக்கிறவர். சுதந்திர தினத்துக்கு முதல் நாள், பிள்ளைகளையே நிறுத்தித் தேசியக் கொடி செய்வது அவருடைய யோசனை. கொடியின் சிவப்புப் பின்னணிக்கு மைதானத்துச் செம்மண்ணே போதும். பள்ளிக்கூட அதிபர் மேலே சாலையில் நின்று படம் எடுப்பார்.

"பாடத்துல படிச்சோம்ல? செம்மஞ்சள் கோடு தமிழருக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வாள் பிடிச்ச சிங்கம் சிங்களவருக்கு. அவங்கவங்க கோட்டுல போய் நில்லுங்க."

நின்றார்கள். பச்சையில் டவுன் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். செம்மஞ்சளில் தோட்டத்துப் பிள்ளைகள், ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு. வேறு யாரும் மிச்சமில்லை.

துணிக்கடைக்காரர் மகள் றுமைஸாதான் கேட்டாள்: "அப்ப சிங்கத்துக்கு யாரு சேர்? வாடகைக்கு எடுக்கிறதா?"

(சேரை முட்டாளாக்குகிறேனோ என்று இங்கே பேனாவை மூடி வைத்தேன். இல்லை. அது தமிழ்ப் பள்ளிக்கூடம். சிங்களப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்கூடம். தினமும் பார்க்கிற விஷயம் என்பதால் அவர் கண்ணில் படவில்லை.)

3.

சேர் தலையைச் சொறிந்தார். "சரி, யாரு வேணும்னாலும் சிங்கமாகலாம்."

அவர் வாய் மூடவில்லை, எல்லோரும் சிங்கத்துக்குள் இருந்தார்கள். வாலுக்கு அடிதடியே நடந்தது. சுதர்ஷினி ஓடிப்போய் வாள் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு அது விளையாட்டு இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மேலே உள்ள மலையில்தான் அம்மா கருப்பம்மாவுக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலை. மகள் பாடியதையோ ஆடியதையோ அவள் ஒருமுறையும் பார்த்ததில்லை. எல்லாமே வேலை நாளில் வந்தன. இன்றுதான் நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். காலையில் அம்மா சொல்லியிருந்தாள்:

"அட்டையத் தூக்கிட்டா எல்லாப் புள்ளையும் ஒண்ணாத்தான்டி தெரியும். கூட்டத்துல நின்னுடாத. எங்கயாச்சும் முனையாப் பாத்து நில்லு."

கொடியில் வாள் நுனியை விட்டால் வேறு என்ன முனை இருக்கிறது?

4.

றுமைஸா மறுபடியும் வாயைத் திறந்தாள். "சேர், இப்ப நம்மட கோடு ரெண்டும் காலி."

மைதானம் அமைதியானது.

(எனக்குப் பிடித்த அமைதி. இந்த இடத்தில் ஒரு பத்தி தத்துவம் எழுதி அடித்துவிட்டேன். காலியாகக் கிடந்த இரண்டு கோடுகளைவிட அது கூடுதலாக எதையும் சொல்லவில்லை.)

றுமைஸா பச்சை அட்டையை எடுத்துக்கொண்டு தன் கோட்டில் போய்த் தனியாக நின்றாள்.

"ஏய் வாள்காரி, பக்கத்துக் கோட்டுக்கு வாறியா? எனக்குத் தனிய நிக்க ஏலாது."

"எங்கம்மா தேடும்டி."

"இங்கதான் ஆளே இல்லயே. இங்க நின்டாலும் ஒன்னத் தெரியும்தானே!"

"நான் வந்தா இதுக எல்லாம் பின்னாலயே வரும். அப்புறம் நான் எதுன்னு அம்மாவுக்கு எப்பிடித் தெரியும்?"

வாலில் நின்றவர்கள் அவளையே பார்த்தார்கள். அவள் சொன்னது உண்மைதான்.

5.

முடிவு ஒன்று: சுதர்ஷினி கோட்டுக்குப் போகிறாள், பாதிச் சிங்கம் பின்னால் வருகிறது. கொடி நிறைகிறது. மேலே அம்மா மகளைத் தேடிக்கொண்டே... (பாடப்புத்தகத்துக்குப் பொருந்தும். எனக்கு மனம் வரவில்லை.)

முடிவு இரண்டு: போகவில்லை. அம்மா கண்டுபிடித்துக் கை ஆட்டுகிறாள். படத்தில் செம்மஞ்சள் கோடு இல்லை. (இதற்கும் வரவில்லை.)

முடிவு மூன்று: தயாபரன் சேரே ஒரு அட்டையைத் தூக்கிக்கொண்டு... சீச்சீ.

இதற்குள் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவிட்டது. நான் கொண்டுவரவில்லை, அந்தப் பக்கம் அது யாரையும் கேட்டு வருவதில்லை. சேர் விசில் ஊதினார். கால்கள் ஓடும் சத்தம் கேட்டது, யாருடைய கால்கள் என்று தெரியவில்லை. சாலையில் அதிபர் வெறும் வெள்ளைப் பனியைப் படம் எடுத்தார்.

மேலே எங்கிருந்தோ கருப்பம்மா கத்தினாள்: "சுதா! எங்கடி நிக்கிற?"

"இங்கதாம்மா!"

குரல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. உங்களுக்குக் கேட்டதா?