இரண்டாவது சீசன்

கெர்பென் டைக்ஸ்மாவுக்கு எந்த நாட்டிலும் இரண்டாவது சீசன் கிடைத்ததில்லை. கானாவில் ஒரு கழகம் அவரை நீக்கியதை வானொலிச் செய்தியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். ஓமானில் மைதானத்துக்கு அழைத்துப் போகும் கார் ஒரு காலை வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அப்புறம் போட்ஸ்வானா, வங்கதேசம், மியான்மர், இன்னும் மூன்று நாடுகள். முதல் மாதம் பேராசிரியர் என்பார்கள், மூன்றாம் மாதம் டச்சுக்காரர் என்பார்கள், அதற்குப் பிறகு கூப்பிடவே மாட்டார்கள். அறுபத்து நாலு வயதில், கிர்கிஸ்தானின் நரின் ஊர்க் கால்பந்துக் கழகத்துக்குப் பயிற்சியாளராக வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

இதையெல்லாம் அவர் பெரிஸாத்திடம் வருத்தப்பட்டுச் சொன்னதில்லை. நேற்று மழை பெய்தது என்பதுபோலச் சொல்வார். பெரிஸாத் அவருடைய மொழிபெயர்ப்பாளர். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அவளை மார்ச் மாதத்தில் கழகத் தலைவர் தொக்தோசுன் ஆள்விட்டு அழைத்தார். முதல் நாளே கெர்பென் ஒரு நிபந்தனை போட்டார்.

"பெரி, நாங்க டச்சுக்காரங்க மூஞ்சிக்கு நேரா பேசறவங்க. நான் திட்டினா திட்டினபடியே சொல்லு. அவங்க என்னைத் திட்டினாலும் அப்படியே சொல்லு. நடுவுல நீ மெருகு பூசாத."

அவள் பூசவில்லை. முப்பத்து நாலு வயதுக் காப்டன் மைரம்பெக்கை, மூன்று பிள்ளைக்குத் தகப்பனை, சின்னப் பையன்கள் முன்னால் 'உன் காலு ரெண்டும் தூங்குது' என்று அவர் சொன்னபோது அப்படியே கிர்கிஸில் சொன்னாள். அறையில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மைரம்பெக் நாலு நாள் அவளுக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. பிறகு பழகிப்போனது. அடுத்தவருக்கு வலிக்கும் என்று தெரிந்தே ஒரு சொல்லைச் சொல்வதில் விடுதலை இருப்பதை, நாற்பத்தொரு வயதில் அவள் முதல்முறையாக உணர்ந்தாள். வீட்டுக்கு வந்தால் பழைய பெரிஸாத்தாகிவிடுவாள். மாமியார் உப்புக் குறைவாகப் போட்ட சூப்பையும் நன்றாக இருக்கிறது என்பாள்.

நவம்பரில் சீசன் முடிந்தது. பத்து அணிகளில் ஐந்தாவது இடம். மறுநாள் கழகத்தில் மதிய விருந்து என்ற நிலையில், தொக்தோசுன் அவளைத் தன் அறைக்கு அழைத்தார்.

"புதுசா ஒருத்தர் வர்றார் தங்கச்சி, பிஷ்கெக்லேர்ந்து. நம்ம பாஷை தெரிஞ்ச ஆளு." தன் வேலையும் முடிந்தது என்பதை அதிலிருந்தே அவள் புரிந்துகொண்டாள். "நாளைக்கு நம்ம டச்சுக்காரருக்கு அங்கி போர்த்திடலாம். நீ அழகா எடுத்துச் சொல்லு. கடுதாசி அதுக்கு மறுநாள்."

"முன்னாடியே ஒரு வார்த்தை காதுல போட்டுடலாமே, பைகே?" என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டாள்.

"விருந்தாளி மூஞ்சியப் பாத்துப் போன்னு சொல்றதா? எங்கப்பன் எனக்கு அப்படி வளப்பு குடுக்கல. நீயும் வாயத் தொறக்காத."

இந்த ஊரில் ஒருவரைப் போ என்று யாரும் சொல்வதில்லை. வெல்வெட் அங்கியைத் தோளில் போர்த்தி, வெள்ளைக் கம்பளித் தொப்பியைத் தலையில் வைத்து, நாலு நல்ல வார்த்தை சொல்வார்கள். வேலை முடிந்தது என்று அவருக்கே தெரிந்துவிடும். ஓய்வு பெறும் தலைமையாசிரியருக்கும் அதுதான், மாற்றலாகிப் போகும் மருத்துவருக்கும் அதுதான்.

மறுநாள் பெரிஸாத்தின் காரில்தான் இருவரும் விருந்துக்குப் போனார்கள். கெர்பென் மடியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார்.

"லாவோஸ்லேர்ந்து கூப்பிட்டிருக்காங்க. பதினாறு வயசுப் பசங்க டீம். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"என்ன சொல்லப் போறீங்க, கோச்?"

"தொக்தோசுன் என்ன சொல்றார்னு பாக்கறேன். இருன்னா இருக்கேன். போன்னா லாவோஸ். லாவோஸும் போச்சுன்னா ஊருக்குத் திரும்பி ஃப்ரீஸ்லாந்துல தம்பி வீட்டு மாடி. அவன் பொண்டாட்டி என்னைப் பாத்ததும் கடிகாரத்தப் பாப்பா." சிரித்துக்கொண்டே நோட்டைத் திறந்து காட்டினார். ஜனவரி முதல் வாரத்திலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம், அம்புக்குறிகள், வட்டங்கள். "இரண்டாவது சீசன்ல என்ன செய்யணும்னு எனக்குத் தெரியவே தெரியாது பெரி. முதல் வருஷ வேலையவே ஒம்பது தடவ செஞ்சிருக்கேன். அதான் எழுதிப் பாத்தேன்."

இப்போது சொல்லிவிடலாம் என்று அவள் வேகத்தைக் குறைத்தாள். அதற்குள் கழக வாசல் வந்துவிட்டது. பையன்கள் ஓடிவந்து கார்க் கதவைத் திறந்தார்கள்.

ஆட்டிறைச்சியும் நூடுல்ஸும் கலந்த பெஷ்பர்மாக்கைப் பரிமாறி முடித்ததும் தொக்தோசுன் எழுந்தார். நீல வெல்வெட் அங்கி, ஓரத்தில் தங்க ஜரிகை. மைரம்பெக்கும் இன்னொருவனும் கெர்பெனை நிற்கவைத்துப் போர்த்தினார்கள். உயரமான மனிதர், அங்கி முழங்காலோடு நின்றது.

"இந்த வீட்டுக் கதவு உங்களுக்கு எப்பவும் தெறந்தே இருக்கும். எங்க பிள்ளைங்க உங்கள மறக்கமாட்டாங்க. நீங்க எங்கள்ல ஒருத்தர்."

பெரிஸாத் ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலத்தில் சொன்னாள். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எல்லாம் உண்மையான வார்த்தைகள். கெர்பென் ஜரிகையைத் தடவிப் பார்த்தார். அவருடைய கண் கலங்குவதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"எங்கேயும் எவனும் எனக்கு ஒரு சட்டைகூட மாட்டிவிட்டதில்ல பெரி. இவங்க என்னை வெச்சுக்கப் போறாங்க."

மைரம்பெக் அவள் பக்கம் குனிந்தான். "எஜே, அவருக்கு விஷயம் தெரியுமா?" என்று அக்கா முறை சொல்லிக் கேட்டான்.

"தெரியாது."

"அடப்பாவமே. சொல்லிடுங்களேன்."

"நீ சொல்லேன்."

"எனக்கு இங்கிலீஷ் வராதே," என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பெரிய துண்டு இறைச்சியாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"அடுத்த சீசனப் பத்திக் கேளு," என்றார் கெர்பென்.

அவள் கேட்டாள். தொக்தோசுன் மேசையைத் தட்டிச் சிரித்தார். "தட்டுல சாப்பாட்ட வெச்சுக்கிட்டு வேலைப் பேச்சா? ஆண்டவன் பாத்துப்பான்னு சொல்லு. இன்னொரு துண்டு எடுத்துக்கச் சொல்லு."

சொன்னாள். கெர்பென் தலையசைத்தார். "நியாயந்தான். அங்கியும் போட்டுவிட்டப்புறம் கேக்கறதே அசிங்கம்."

நாலு இருபதுக்கு அவர் கைபேசியை எடுத்தார். தொப்பி நெற்றியில் சரிந்திருக்க, இரண்டு கட்டைவிரலாலும் நிதானமாகத் தட்டினார். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே அவளுக்கு அது தெரிந்தது. மன்னிக்கவும், நான் இங்கேயே இருக்கிறேன், உங்கள் பையன்களுக்கு நல்ல பயிற்சியாளர் கிடைக்கட்டும். விரல் பொத்தானுக்கு மேலே ஒரு கணம் நின்றது. அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"டீ ஆறிடும் கோச், குடிங்க," என்றாள் பெரிஸாத்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவள் அந்த நொடியிலேயே தன்னைக் கேட்டுக்கொண்டாள். தலைவருக்குப் பயந்தா? பறிபோன வேலைக்கு இனி என்ன பயம். இரக்கமா? இரக்கமாக இருந்திருந்தால் கையைப் பிடித்துத் தடுத்திருக்க வேண்டும். வேறு ஏதோ ஒன்று. மாமியாரின் சூப்பை நன்றாக இருக்கிறது என்று சொல்லும் நாக்கு அது. எட்டு மாதம் அவள் பேசியதெல்லாம் அவருடைய துணிச்சல். அவர் வாய் திறக்காதபோது அவளிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

அவர் பொத்தானை அழுத்திவிட்டு டீயைக் குடித்தார்.

விருந்து முடிந்து வெளியே வரும்போது ஐந்து இருபது. மலைமேல் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. வாசல் காவலுக்கு இருக்கும் சோனுன்பூ அங்கியைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். கெர்பெனின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அவள் கண்ணில் தண்ணீர்.

"என்ன சொல்றாங்க? ஏன் அழறாங்க?"

"உங்க வழி வெள்ளையா இருக்கட்டும்னு வாழ்த்தறாங்க."

"எந்த வழி?"

பெரிஸாத் காரின் சாவியைப் பார்த்தாள். "ஊருக்குப் போற வழி, கோச். எங்க ஊர்ல இப்படி அங்கி போர்த்தினா, அனுப்பி வெக்கிறாங்கன்னு அர்த்தம். நாளைக்குக் கடுதாசி வரும். புது ஆளப் போட்டாச்சு."

அவர் கத்தவில்லை. தொப்பியைக் கழற்றி ஒருமுறை பார்த்தார். பிறகு லாவோஸ்காரர்களின் எண்ணை அழுத்தி, முதுகைத் திருப்பிக்கொண்டு பேசினார். ஆமாம் என்றார், புரிகிறது என்றார், அவருக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள் என்றார்.

"இன்னொருத்தருக்குச் சொல்லிட்டாங்களாம். போர்ச்சுக்கல்காரர். அவர் சரின்னுட்டாராம்." கைபேசியை அங்கிக்குள் வைக்கப் பை தேடினார், அதில் பை இல்லை. "உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து."

"நான் மெசேஜ் அனுப்பறப்போ?"

"தெரியும்."

"அப்ப ஏன் டீயக் குடிங்கன்ன?"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க," என்றாள். வாயை விட்டு வெளியே வந்ததும் அது எவ்வளவு மலிவான பதில் என்று தெரிந்தது.

கெர்பென் கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டார். "ரேடியோவுல கேட்டிருக்கேன். வராத காருக்காகக் கால் கடுக்க நின்னிருக்கேன். ஆனா அவங்க யாரும் என் பக்கத்துல உக்காந்து சாப்பிடல, பெரி."

அவள் கார்க் கதவைத் திறந்துவிட்டாள். அவர் ஏறவில்லை. ஆற்றோரச் சாலையில் நடக்க ஆரம்பித்தார். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, நெஞ்சில் கைவைத்து அவருக்கு அதே வாழ்த்தைச் சொன்னார். சற்றுத் தள்ளி ரொட்டி வாங்கிக்கொண்டு வந்த இரண்டு பெண்களும் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அவர் நின்று, தெரிந்த ஒரே கிர்கிஸ் வார்த்தையில் நன்றி சொல்லிவிட்டுத்தான் நடந்தார்.

"என்னம்மா சொல்லிட்டுப் போறார், மனுஷன்?" என்றாள் சோனுன்பூ.

"சாப்பாடு நல்லா இருந்துச்சாம்," என்றாள் பெரிஸாத்.

"இருக்காதா பின்ன? காலைல வெட்டின ஆடு," என்று சோனுன்பூ கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் கதவைச் சாத்தப் போனாள்.