பாலன் வைக்காத கார்டுகள்

ராஜாக்கள் இரண்டு பேரும் இன்னும் காயாததால், அல்போன்ஸை உடனே கூடத்துக்குக் கொண்டுவர முடியவில்லை.

கூடம் முழுக்கக் கார்டுகள். வாசல் நிலையிலிருந்து அடுப்பங்கரைவரை, பெஞ்சின் மேல், பெஞ்சின் அடியில், மாதா சுரூபத்தின் காலடியில்கூட, கிறிஸ்துமஸ் வாழ்த்துக் கார்டுகள் முகம் மேலே பார்க்க வரிசையாகக் கிடந்தன. எறும்பு போவதற்கே ஒற்றையடிப் பாதைதான் இருந்தது. டிசம்பர் மாதத்துச் சாந்தோம் கடற்காற்றில் கொடியில் போட்ட வேட்டி பொங்கலுக்குத்தான் காயும். மை எங்கே காயப்போகிறது?

ஐவி முழங்காலிட்டு, ஒவ்வொரு கார்டாக விளிம்பைப் பிடித்து எடுத்து முறத்தில் நெட்டுக்குத்தாக நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளறை வாசலில் அவள் கணவர் அல்போன்ஸின் உடலைத் தலைப்பக்கம் கொழுந்தன் வால்டரும் கால்பக்கம் பக்கத்து வீட்டுத் தச்சர் கோதண்டபாணியும் தாங்கிக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணி, சீக்கிரம். அண்ணன் கனமா கீறாரு."

"ஒண்ணுமேல ஒண்ணு வெச்சா ராஜா ஒட்டிக்கும். கொஞ்சம் இரு தம்பி."

"ஒட்டினா ஒட்டட்டும் அண்ணி. இன்னமே இதெல்லாம் யாருக்கு…"

வால்டர் பாதியில் நிறுத்திக்கொண்டான். கோதண்டபாணி அல்போன்ஸின் கால்களைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா மெதுவா எடுக்கட்டும் நைனா. எனக்கு ஒண்ணும் கை வலிக்கல" என்றார்.

அல்போன்ஸ் துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசெல்லாம் ஊரான் கப்பலுக்கு ஸ்டாம்பு குத்திய கை, வீட்டில் சும்மா கிடக்க மறுத்துவிட்டது. கல்யாணமான புதிதில், மவுண்ட் ரோட்டில் கடையைக் காலி செய்துகொண்டு சீமைக்குப் போன ஒரு வெள்ளைக்காரனிடமிருந்து ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய ரப்பர் ஸ்டாம்புகளை வாங்கிவந்தார். தேக்குக் கட்டையில் ஒட்டிய குடில், மாடு, மாதா, சூசையப்பர், சிறகு விரித்த சம்மனசு, மூன்று ராஜாக்கள், எல்லாவற்றையும்விடச் சின்னதாக ஒரு பாலன் இயேசு. மாட்டுக்குக் கொம்பு தேய்ந்துபோய், அது மாடா பெருச்சாளியா என்று கோயில் பங்கு மக்கள் இரண்டாகப் பிரிந்து கிடந்தார்கள். மூன்றாவது ராஜாவின் ரப்பர் கட்டையை விட்டு உரிந்து தொலைந்துபோயிற்று. போன வருஷம் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியதல்லவா, அந்த ராஜாவும் அப்போது அரக்கோணத்துக்கு ஓடினவர்தான், இன்னும் திரும்பவில்லை என்று அல்போன்ஸ் கேட்டவர்களிடமெல்லாம் சத்தியம் செய்வார். புதிதாகச் செய்யவும் வழியில்லை. மலேயா விழுந்ததிலிருந்து ஊரில் ரப்பர் தங்கமாகிவிட்டது. பிராட்வேயில் ஸ்டாம்பு வெட்டும் ஷரஃபுதீன், "ராஜாவ வுடுங்க சார், பென்சில் எழுதினத அழிக்கவே ரப்பர் கெடைக்கல" என்று கையை விரித்துவிட்டார்.

அல்போன்ஸ் ஒரு கார்டை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவர் அல்ல. முதலில் எல்லாக் கார்டுகளுக்கும் குடில். அது காய்ந்ததும் எல்லாவற்றுக்கும் மாடு. மைப்பெட்டியைக் கழுவி, நீலம் ஊற்றி, எல்லாவற்றுக்கும் ராஜாக்கள். கடைசியாகச் சிவப்பில், காலியாக இருக்கும் மாட்டுத் தொட்டிக்குள் பாலன். முடிந்தால் அத்தனையும் ஒன்றாக முடியும். இல்லையென்றால் ஒன்றுகூட முடியாது.

அன்று விடிந்ததும் காபியைக் குடித்துவிட்டு, "ஐவி, செவப்பு மை ரெடி. கையத் தொடச்சிகினு வா" என்று கூப்பிட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் உள்ளறை மேஜைமேல் தலையைச் சாய்த்திருந்தார். பார்க்க வந்த டாக்டர் இருதயம் நின்றுவிட்டது என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, கழற்றிய பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு, கார்டுகளுக்கு நடுவே நுனிக்காலில் நடந்து வெளியேறினார்.

பாலன் அல்போன்ஸின் வலது கைக்குள் இருந்தது. கை மூடியிருந்தது.

கூடத்துப் பெஞ்சில் அவரைக் கிடத்தி மெழுகுவத்தி ஏற்றும்போதே அவருடைய அக்கா மர்சலின் வந்துவிட்டாள். கோயிலில் துக்க மணி அடித்து ஓய்வதற்குள் செத்தவர் வீட்டு அடுப்பில் வெந்நீர் வைத்துவிடக்கூடியவள் அவள். சாந்தோமில் அவள் கை படாமல் ஒரு பிணமும் மோட்சத்துக்குப் போனதில்லை. தப்பித் தவறிப் போனாலும், நகம் வெட்டவில்லை, காது துடைக்கவில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது அவள் நம்பிக்கை. இப்போது சொந்தத் தம்பி. அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தலையிலிருந்து ஆரம்பித்தாள்.

கைக்கு வந்ததும் நின்றாள்.

"இன்னாடா இது?"

"பாலன் ஸ்டாம்பு அக்கா. தொறக்க வரல" என்றான் வால்டர்.

"ஜெபமாலைய எங்க மாட்டறது? முஷ்டிய மடக்கிகினு ஆண்டவர் எதிர்ல போய் நிப்பானா? இவன் இன்னா குஸ்திக்கா போறான்?"

தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி எடுத்துவரச் சொன்னாள். விரல் இடுக்குகளில் ஊற்றி நீவினாள். சுண்டுவிரல் சற்று அசைந்தது. மற்றவை அசையவில்லை. கட்டைவிரலை அவள் நெம்பியபோது ஐவி எழுந்துவந்தாள்.

"வுடுங்கக்கா. வலிக்கும்."

மர்சலின் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னமே இன்னாடி வலி" என்றாள். ஆனால் விரலை விட்டுவிட்டாள்.

அந்தப் பாலன் ஐவியின் வேலை. ஆரம்பத்தில் அப்படி இல்லை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒரு கிறிஸ்துமஸுக்குப் பெண்கள் எல்லாரும் இதே கூடத்தில் உட்கார்ந்து கல்கல் பலகாரத்துக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தார்கள். அல்போன்ஸ் மேஜையில் பாலனைக் குத்திக்கொண்டிருந்தார். மர்சலின் மாவைத் தட்டிக்கொண்டே, "போவட்டும், இந்த வூட்ல அச்சுலயாவது வருஷம் தவறாம ஒண்ணு பொறக்குதே" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு ஓயும்வரை ஐவி உருட்டிய மாவையே மறுபடி உருட்டிக்கொண்டிருந்தாள். அல்போன்ஸ் அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்டாம்பைத் துடைத்து, கட்டைப்பக்கம் ஐவியை நோக்கி இருக்கும்படி மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியைவிட்டு எழுந்துகொண்டார். அவள் போய் உட்கார்ந்து மீதிக் கார்டுகளுக்கு வைத்தாள். அன்றிலிருந்து மாடு, ராஜா, சம்மனசு எல்லாம் அவர். பாலன் அவள். ஏன் என்று அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

இந்த வருஷமும் அத்தனை தொட்டிகளிலும் தன் கையால் பாலனை வைத்துவிட வேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. அதற்கு அவர் கையை முறுக்கித் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் சாயங்காலம் பாலனும் மண்ணுக்குள் போய்விடும்.

பதினோரு மணி வாக்கில் பின் தெருவிலிருந்து அல்போன்ஸின் சிநேகிதர் வேதாந்தம் வந்தார். துக்க வீட்டுக்குள் வந்தால் திரும்பிப் போய்த் தலை முழுக வேண்டும். வந்தார். அல்போன்ஸின் காலடியில் வெகுநேரம் நின்றார்.

"எனக்கு மட்டும் கார்டுல ரெண்டு பசு போடுவார். ஒண்ணு வழக்கமா இருக்கறது, ஒண்ணு உமக்காகன்னு சொல்லுவார்" என்றார் வால்டரிடம். "எல்லாத்தையும் ஆத்துல சுவாமி அலமாரியில வெச்சுண்டிருக்கோம். பெருமாளுக்குப் பின்னாடி இடமே இல்லை."

பிறகு முறத்தைப் பார்த்தார். குனிந்து ஓரத்தில் இருந்த கார்டை உற்றுப் பார்த்தார்.

"தொட்டி காலியா இருக்கே."

"துக்க வூட்லேர்ந்து வாழ்த்து போவுமா சாமி?" என்றாள் மர்சலின். "இந்த வருஷம் இங்க பலகாரம் கெடையாது, குடில் கெடையாது. அதெல்லாம் அடுப்புக்குத்தான்."

ஐவி முறத்தைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளறைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்தாள்.

வெளியே கோதண்டபாணியின் இழைப்புளி விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. யுத்த காலத்தில் நல்ல பலகைக்கு எங்கே போவது? தன் வீட்டுக் கொல்லைக் கதவுக்கென்று பரண்மேல் போட்டுவைத்திருந்த பலகையை இறக்கி அறுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தேவானை, கதவில்லாவிட்டால் போகிறது, ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாளாம். மூன்று மணிக்குமேல் சவப்பெட்டி உள்ளே வந்தது. இழைத்த மரச்சுருள் ஒன்று மூலையில் ஒட்டிக்கொண்டிருந்ததை அவர் ஊதித் தள்ளினார்.

"கோயில்லேர்ந்து சாமியார் கெளம்பிட்டாராம்" என்றான் வால்டர். "அண்ணி, நீங்களே சொல்லுங்க. அத எடுக்கலாமா, வேணாமா?"

எல்லாரும் ஐவியைப் பார்த்தார்கள்.

"வேணாம் தம்பி" என்றாள். "அவருகிட்டயே இருக்கட்டும்."

மர்சலின் எழுந்தாள். "கோட்டு மாட்டணும். ஆம்பளைங்கல்லாம் வெளிய போங்க. பொம்பளைங்களும் போங்க. ஐவி, நீ இரு."

கதவைச் சாத்திவிட்டுத் தம்பியின் அருகில் உட்கார்ந்தாள். கோட்டை எடுக்கவில்லை. அந்த மூடிய கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். நீவவில்லை, நெம்பவில்லை. குளிரில் வந்த பிள்ளையின் கையைப் பிடித்திருப்பதுபோலப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெழுகுவத்தி ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். ஊர்ப் பிணங்களை எல்லாம் அதட்டியே குளிப்பாட்டி அனுப்பியவள், ஐவி இதுவரை கேட்டிராத ஒரு குரலில் பேசினாள்.

"தம்பி. குடுரா. அக்காகிட்ட குடு. நான் வெச்சிக்க மாட்டேன். ஐவிகிட்ட குடுத்துடறேன்."

எண்ணெய் ஊறியதாலா, கையின் சூடு ஏறியதாலா தெரியவில்லை. கட்டைவிரல் தளர்ந்தது. மற்ற விரல்களை அவள் ஒவ்வொன்றாக விரித்தாள்.

ஸ்டாம்பை எடுத்து, பார்க்காமலேயே பின்னால் நீட்டினாள். ஐவி வாங்கிக்கொண்டாள். மர்சலினின் கண் தம்பியின் உள்ளங்கையிலேயே இருந்தது.

ஸ்டாம்பில் மை ஏற்றிய பிறகுதான் கை மூடியிருக்கிறது. ரேகைகளுக்கு நடுவே, கை நீட்டிப் படுத்தபடி, சிவப்பாக ஒரு பாலன். எண்ணெய் பட்ட ஓரத்தில் மட்டும் சற்று கலைந்திருந்தது.

மர்சலின் ஈரத்துணியை எடுத்தாள். அவள் குளிப்பாட்டிய எவரும் ஒரு புள்ளி அழுக்கோடு போனதில்லை. துணி உள்ளங்கைவரை போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு துணியைக் கீழே போட்டுவிட்டு, விரித்த விரல்களைத் திரும்ப மடக்கி மூடினாள். ஜெபமாலையை எடுத்து அந்த மூடிய கையைச் சுற்றிச் சுற்றி, சிலுவை மேலே வரும்படி கட்டினாள்.

"சாமியார் கேட்டா?" என்றாள் ஐவி.

"கேக்கட்டும். நான் சொல்லிக்கறேன்."

சாமியார் கேட்கவில்லை. மர்சலின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற நிற்பில் பாப்பரசரே வந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். மழைத் தூறலில் அடக்கம் முடிந்தது. திரும்பி வந்தபோது தேவானை கூடத்தைக் கழுவிவிட்டு, கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து வைத்திருந்தாள். வால்டர் வற்புறுத்தியதால் ஐவி இரண்டு வாய் குடித்தாள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மர்சலின் மட்டும் கிளம்பவில்லை. இருட்டடிப்புக்காகக் கறுப்புக் காகிதம் சுற்றிய விளக்கைத் தரையில் இறக்கி வைத்தாள். உள்ளறைக்குப் போய் முறத்தைத் தூக்கிவந்து, தரையில் கைவைத்துத் தடவிப் பார்த்து, காய்ந்திருந்த இடமாகக் கார்டுகளைப் பரப்ப ஆரம்பித்தாள்.

வால்டர் வாசற்படியில் நின்றுவிட்டான்.

"அக்கா, துக்க வூட்ல…"

"அனுப்பறது யாரு, நாமளா?" என்றாள் அவள், நிமிராமல். "அவன் அனுப்பறான். அவனுக்கு இன்னா துக்கம்? நீ காலப் பாத்து வை."

வால்டர் கால்களை ஒடுக்கிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தான்.

"கொம்பே இல்ல. இத மாடுன்னு சொல்லி ஊர ஏமாத்திகினு இருந்தான்" என்று முனகிக்கொண்டே மர்சலின் கடைசிக் கார்டையும் வைத்தாள். மைப்பெட்டியைத் திறந்து ஐவியின் பக்கம் நகர்த்தினாள்.

ஐவி குனிந்தாள். முதல் கார்டில் அச்சு சரியாகப் பதியவில்லை. கட்டையை எடுத்தபோது தொட்டிக்குள் ஒரு வெளிறிய சிவப்புத்தான் இருந்தது. முகம் விழவில்லை.

"அழுத்து. பயப்படாம அழுத்துடி."

இரண்டாவது நன்றாக விழுந்தது. மூன்றாவதும். ஐவி முழங்காலிட்டபடியே வரிசையில் நகர்ந்துபோனாள். மேஜையில் வைத்துச் செய்கிற வேலை. தரையில் செய்து அவளுக்குப் பழக்கமில்லை.

மர்சலின் அந்த முகம் விழாத முதல் கார்டைத் தரையிலிருந்து எடுத்தாள்.

"இது கெட்டுப் போச்சு அக்கா. வெச்சிடுங்க."

"இது எனக்கு" என்றாள் மர்சலின்.

விளக்கருகே கார்டைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, சூடான கஞ்சியை ஆற்றுவதுபோல, அதன்மேல் மெல்ல ஊதிக்கொண்டே இருந்தாள்.