பெட்டி இறக்கை

நாகலாபுரம் போய்ச் சேரும்வரை சுதாராணி சாலையையே பார்த்து வேனை ஓட்டினாள். பின்சீட்டில் துணி சுற்றிக் கிடந்த புது விமானத்தின் மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை. அது சத்யபிரியாவுக்கும் தெரியும்.

இருவரும் கோவில்பட்டியில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, வயல்களை மேலிருந்து படம்பிடிக்கும் ஆளில்லா விமானங்கள் செய்கிறார்கள். இறக்கை சத்யபிரியாவின் வேலை. மோட்டாரும் பேட்டரியும் கேமராவும் சுதாராணியுடையவை. நாகலாபுரத்து மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்திருந்தது. புழு எந்தப் பக்கம் என்று தெரிந்தால் அங்கே மட்டும் மருந்தடிக்கலாம் என்று பயிர் வைத்த சம்சாரிகள் கூப்பிட்டிருந்தார்கள்.

பழைய விமானத்தைக் கொண்டுபோனால் பேட்டரி தீரத் தீர இறக்கி ஏற்றி, வேலை இரண்டு நாள் இழுக்கும். புதியது ஒரே பறப்பில் முடித்துவிடும் என்று சத்யபிரியா கணக்குப் போட்டிருந்தாள். அதில் மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை. இரண்டின் நுனிகளையும் செங்குத்தான தகடுகள் இணைத்தன. முன்னாலிருந்து பார்த்தால் நீண்ட பெட்டி. சாதாரண இறக்கையின் நுனியில் காற்று கீழிருந்து மேலே சுருண்டு ஏறும். அந்தச் சுழல் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். பெட்டியாக மூடினால் இழுவை குறையும். முன்பு வேலை பார்த்த பெங்களூர் கம்பெனியில் அவள் இதைச் சொன்னபோது மேலதிகாரி காதிலேயே வாங்கவில்லை. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

புஞ்சைக்காரர் நந்தகோபால் வரப்பில் காத்திருந்தார். "மருந்து வாங்கி வச்சாச்சு தாயி. இன்னைக்குத் தெரிஞ்சிரும்லா?"

"தெரிஞ்சிரும் அண்ணாச்சி," என்றாள் சத்யபிரியா.

விமானம் அழகாகத்தான் ஏறியது. புஞ்சை மேல் திரும்பியதும் வாடைக்காற்று விட்டு விட்டு வீசியது. ஒவ்வொரு வீச்சுக்கும் நுனித் தகடுகள் படகுப் பாய்போல் காற்றை வாங்கின. விமானம் ஆடுவதும் நிமிர்வதுமாகப் போனது.

"அக்கா, பேட்டரி கடகடன்னு இறங்குது," என்றாள் சுதாராணி.

"ஒன் வயரிங்கைப் பாரு."

"வயரிங் சரியாத்தான் இருக்கு. நீங்க இறக்குங்க."

சத்யபிரியா இறக்கவில்லை. இன்னும் ஒரு சுற்று என்றாள். பாதிப் புஞ்சை முடியுமுன் மோட்டார் நின்றது. விமானம் மக்காச்சோளத்துக்குள் சரிந்து விழுந்தது. எடுக்கப் போன சத்யபிரியா முழங்கால்வரை கரிசல் சேற்றில் புதைந்தாள். ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது. இறக்கையின் ஒரு மூலை பிளந்திருந்தது.

"பழசைக் கொண்டாந்திருக்கலாம்," என்றாள் சுதாராணி.

"ஏட்டி, பேசாம இரு."

நந்தகோபால் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நாளைக்குத்தானா?" என்று மட்டும் கேட்டார்.

அறைக்கு வந்ததும் சத்யபிரியா விமானத்தில் பதிவான விவரங்களைக் கம்ப்யூட்டரில் போட்டாள். வயரிங்கில் குற்றமில்லை. காற்று கொஞ்சம் கெடுத்திருந்தது. மிச்சமெல்லாம் இறக்கையின் வேலை. நுனிச் சுழலில் மிச்சமானதை விட அதிகமாக மற்ற இடங்களில் செலவாகியிருந்தது. ஓர் அகல இறக்கைக்குப் பதில் இரண்டு ஒடுக்கமான இறக்கைகள். இவ்வளவு சின்ன விமானத்தில், அந்த ஒடுக்கத்தில், காற்றின் உராய்வு கூடும். மூலைகளுக்குக் கொடுத்த பலம் எடையாகிவிட்டது. உராய்வுக்கு அவள் போட்டிருந்த எண் பெரிய விமானங்களுக்கு உரியது. இது கல்லூரியில் படிக்கும்போதே தெரிந்த விஷயம். மேஜையை ஓங்கிக் குத்தினாள். கைதான் வலித்தது.

"ஒன் வயரிங் மேல பழி போட்டேன். தப்புதான்."

"சரி. காலையில பழசை எடுத்துட்டுப் போவோம்," என்றாள் சுதாராணி.

மறுநாள் புஞ்சை முழுக்க மருந்து நாறியது.

"பக்கத்துப் புஞ்சைக்காரவுக எல்லாரும் அடிச்சிட்டாவ. நான் மட்டும் காத்திருக்க முடியுமா? விடியமுன்ன மொத்தத்துக்கும் அடிச்சிட்டேன்," என்றார் நந்தகோபால்.

ஆனாலும் பழைய விமானத்தை ஏற்றினார்கள். இறக்கி, பேட்டரி மாற்றி, மறுபடி ஏற்றினார்கள். ஓர் ஆட்டமும் இல்லாமல் அது பறந்ததைப் பார்க்கவே சத்யபிரியாவுக்கு ஆத்திரமாக வந்தது. படங்கள் தெளிவாக விழுந்திருந்தன. குருத்து கடிபட்டது ஓடையோரத்தில் மட்டும். மற்ற இடமெல்லாம் பச்சை.

நந்தகோபால் லேப்டாப்பைக் குனிந்து பார்த்தார். "ஒரு நாள் முன்ன சொல்லியிருந்தா..." என்றபடி நிமிர்ந்தார். "டீ சாப்பிட்டுப் போங்க தாயி."

சத்யபிரியா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். திரும்பும்போது எட்டயபுரம் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இறக்கையை ரெண்டு மடங்கு பெருசாச் செஞ்சா அந்த உராய்வு குறையும்."

"எடை?" என்றாள் சுதாராணி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சத்யபிரியா நோட்டை எடுத்து எடைக் கணக்கைப் போட ஆரம்பித்தாள்.