விழாவுக்கு வந்த ஏணி

இலையுதிர் காலம் பிறந்து, பொழுது சீக்கிரமே இருட்டிக்கொண்டிருந்தது. குடியிருப்பு விழாவுக்காகத் தெருமுனைக் கம்பத்தில் ஏணி சாத்தி, வண்ண விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தார் மாநகராட்சி எலக்ட்ரீஷியன். அந்தக் கம்பத்தின் தெருவிளக்கு கோடையிலிருந்தே எரியவில்லை. போன மாதம் அந்த இருட்டில்தான் கார் மோதி, அதே தெருவில் குடியிருக்கும் ஓர் இளைஞனின் மனைவி செத்துப்போனாள்.

"அண்ணே, அந்த பல்பையும் மாத்திடுங்க," என்றான் அவன், ஏணிக்குக் கீழே நின்று.

"அது வேற செக்‌ஷன் தம்பி. புகார் குடுங்க."

"குடுத்துக் குடுத்துக் கை ஓஞ்சு போச்சு."

"விழா முடியட்டும், பாக்கலாம்."

அவன் ஏணியின் கீழ்ப்படியில் வழியை மறித்து உட்கார்ந்துவிட்டான்.

"எந்திரி தம்பி, நான் எறங்கணும். வீட்டுல தேடுவாங்க."

"என்னைத் தேட வீட்டுல ஆள் இல்ல. விடிய விடிய உக்காந்திருப்பேன்."

எலக்ட்ரீஷியன் மேலிருந்தபடியே தன் வண்டியைக் கைகாட்டினார்.

"வண்டியில புது பல்பு கிடக்கு. எடுத்துட்டு வா."

எடுத்துக் கொடுத்தான். விளக்கு எரிந்தது. சாலையைக் கடக்கும் வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன.

"இப்ப திருப்திதானே?" என்றபடி எலக்ட்ரீஷியன் இறங்கினார்.

அவன் எரியும் விளக்கைக் கைகாட்டினான்.

"இத்தனை நாளும் இது உங்க வண்டியிலயா சுத்திக்கிட்டு இருந்துச்சு?"

எலக்ட்ரீஷியன் ஏணியை மடக்கினார்.